சில்வர் பெயின்ட்

படகுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டுதான் தேவராஜ் தண்ணீரில் இறங்கினான். கை படகுக்கு அடியில் இருக்கிற நேரத்தில் மேலே எவனாவது சாவியைத் திருகிவிட்டால் விரல் ஐந்தும் கூழாகிவிடும். மற்ற மோட்டார் படகு மாதிரி இந்த ஜெட் படகுக்கு வெளியே சுற்றும் விசிறி கிடையாது. அடிவயிற்றில் ஒரு கம்பிச் சல்லடை, அதற்கு உள்ளே விசிறி. அது ஏரித் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கக் குழாய் வழியாகப் பீச்சி அடிக்கும். அந்தப் பீச்சலில்தான் படகு ஓடும், அந்தப் பீச்சலில்தான் திரும்பும்.

மூச்சைப் பிடித்து முங்கினான். சல்லடை முழுக்க ஆகாயத்தாமரை வேர் சடை சடையாக அடைத்துக்கொண்டிருந்தது. இடது கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு வலது கைக் கத்தியால் அறுத்து அறுத்து இழுத்தான். மூன்றாவது முங்கலில் வேரோடு நீளமாக ஒரு நைலான் நூலும் வந்தது. ஆயுத பூஜைக்குப் படகின் மூக்கில் போட்ட சாமந்தி மாலையின் நூல். பூவெல்லாம் அழுகிப்போய் நூல் மட்டும் விசிறித் தண்டில் பத்துச் சுற்று சுற்றியிருந்தது.

"இன்னாண்ணே, கெண்ட கெளுத்தி எதனா மாட்டுச்சா?" படகுத் துறையின் பலகைமேல் குந்தியிருந்த சபீனா கேட்டாள்.

"சாமி மாலை மாட்டிச்சு," என்று நூலை அவள் காலடியில் வீசினான். "கும்புட்ட சாமியே காலை வாருது."

சபீனாவுக்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. லாரி டைனமோவுக்குக் காயில் சுற்றுவாள். புருஷன் தவறிய பிறகு அவனுடைய பட்டறையைப் பூட்டாமல் அவளே எடுத்து நடத்துகிறாள். அவள் கை பட்ட டைனமோ இரண்டு வருஷத்துக்குத் திரும்பி வராது என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். தேவராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டின காலத்திலிருந்து பழக்கம். நேற்றுச் சாயங்காலம் கடை வாசலில் நின்றுகொண்டு, "நீ வந்து ஒருவாட்டி பாத்துட்டா போதும்மா, என் தலை தப்பிக்கும்," என்று கேட்டிருந்தான். காலையில் மீட்டரும் ஸ்பேனர் பையுமாக, ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு நசரத்பேட்டைக்கு வந்துவிட்டாள்.

தலை தப்புமா தப்பாதா என்பது மூன்று மணிக்குத் தெரியும். படகுச் சவாரிக்கு அனுமதி கொடுக்கிற இடத்திலிருந்து ஆய்வு அதிகாரி ஒருவர் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை விபத்துக்குக் காரணம் என்ன என்று ஒரு வரி எழுதுவார். படகில் கோளாறு என்று எழுதினால் அடிபட்ட பார்வதத்தின் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனி தலையில் விழும். ஓட்டினவன் தப்பு என்று எழுதினால் தேவராஜ் மேல் போலீஸ் கேஸ். பார்வதத்துக்குக் கம்பெனிக்காரன் கையை விரித்துவிடுவான்.

பார்வதம் அவன் தெருக்காரிதான். ஆலந்தாங்கல் ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளும் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி. இடுப்பளவு தண்ணீரில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்று செடியை வேரோடு பிடுங்கிக் கரைக்குத் தள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. அதே நேரத்தில் அதே ஏரியில் ஜெட் படகும் உண்டு. "அவங்க பக்கமா போய்த் திருப்புங்கண்ணா, அங்கதான் தண்ணி நல்லாத் தெறிக்குது, கஸ்டமருக்குப் பிடிக்குது," என்று மேனேஜர் ரோஹித் சொல்லியிருந்தான்.

அப்படித்தான் ஞாயிறு நாலு மணிக்கு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு தேவராஜ் வந்தான். திருப்ப வேண்டிய இடத்தில் இன்ஜின் இருமியது. முன்னால் இருந்த திரை அணைந்தது. பீச்சல் நின்றது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தான், அது சாவு வீட்டுக் கதவு மாதிரி சும்மா திரும்பியது. படகு நேராகவே சறுக்கிக்கொண்டு போனது. மற்றப் பெண்கள் விலகிவிட்டார்கள். பார்வதத்தின் கால் சேற்றில் புதைந்திருந்தது. படகின் மூக்கு அவளை எல்லைக் கயிறு கட்டிய சிமென்ட் கம்பத்தோடு சேர்த்து நசுக்கியபோது அவள் போட்ட சத்தம் இன்னும் அவன் காதைவிட்டுப் போகவில்லை. தொடை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. நாலு நாளாகக் காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கப் போட்டிருக்கிறார்கள்.

ரோஹித் அன்றைக்கே கேட்டான், "ஏண்ணா, ஸ்லோ பண்ணிட்டு ஒடிச்சிருக்கலாம்ல?" கேட்டவன் ஒருநாள்கூட இந்தப் படகை ஓட்டியதில்லை. இதில் வேகத்தைக் குறைத்தால் திரும்பாது என்று அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? சொன்னான். "கார்ல நாங்கல்லாம் ஒடிக்கலையாண்ணா?" என்றான் அவன்.

தேவராஜ் ஏறி வந்து தலையைத் துவட்டிக்கொண்டான். சபீனா பேட்டரி மூடியைத் திறந்து வேலையை ஆரம்பித்திருந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணுண்ணே."

படகு துறையில் கட்டிக் கிடந்தபடியே ஓடியது. சபீனா மீட்டரின் இரண்டு முள்ளையும் பேட்டரியில் வைத்தாள். பன்னிரண்டு வோல்ட்டைத் தாண்டவில்லை. "ரேஸ் குடு," என்றாள். கொடுத்தான். அப்போதும் மீட்டர் அதே இடத்தில் நின்றது.

"பேட்டரி செத்துப் போச்சா?"

"சாவல. பட்னி கெடக்குது. இரு, சமையக்காரன் தூங்குறானான்னு பாக்கறேன்." முள்ளை டைனமோவில் வைத்தாள். பதினாலு புள்ளி நாலு வோல்ட். "அவன் சமைச்சு வெச்சுகினுதான் கீறான். சோறு இங்க வந்து சேரல. நடுவுல எவனோ பந்தியத் தடுக்கிறான்."

ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ்வில் வைத்து, இன்னொன்றை இன்ஜின் மேல் குத்தினாள். வெள்ளி மாதிரி பளபளத்த இன்ஜின். முள் வழுக்கியது. அழுத்திச் சுரண்டிக் குத்தினாள். மீட்டர் இரண்டு வோல்ட் காட்டியது.

"அடப்பாவி. இங்க ஒண்ணுமே காட்டக் கூடாதுண்ணே. கரண்டு திரும்பிப் போற வழி இது, இந்த எர்த்துலதான் கோளாறு. பேட்டரி ஏறல. அதோட தலைல இந்தப் பாட்டுப் பெட்டி, கலர் லைட்டு, எல்லாத்தையும் கட்டிக்கினு கீறாங்க. கரண்டு கம்மியானா பெட்ரோல் பம்பு தள்ளாது, கம்ப்யூட்டரு அணைஞ்சிரும், இன்ஜின் பொட்டுனு நின்னுரும். கீழ வேரு அடைச்சுகினு மூச்சு முட்டுது, மேல பட்னி. எந்த வண்டிதான் தாங்கும்?"

தேவராஜுக்கு நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கியது. கோளாறு இருக்கிறது. அவன் தப்பு இல்லை. ஒரு மாசமாக இழுவை குறைகிறது, லைட் மங்குகிறது என்று ரோஹித்திடம் மூன்று முறை சொன்னான். வாயால்தான் சொன்னான். புகார் ரிஜிஸ்டரில் எழுதவில்லை. எழுதினால் படகை நிறுத்த வேண்டும், படகு நின்ற நாளுக்கு ஓட்டுபவனுக்குக் கூலி கிடையாது. அது அங்கே சட்டம்.

சபீனா பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு எர்த்து ஒயரின் போல்ட்டைக் கழற்றினாள். ஒயரின் வளையத்தைத் தூக்கிப் பார்த்தவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வளையத்துக்கு அடியில் இரும்பு தெரியவில்லை. இரண்டு பூச்சாகத் தடிமனான சில்வர் பெயின்ட்.

"பெயின்ட் மேல எவனாவது எர்த்து அடிப்பானா? பெயின்ட்டுல கரண்டு போவுமா? எந்த அறிவுகெட்டவன்ணே இந்த வேலையப் பாத்தது? அவன இட்டுனு வா, நாலு அறை உடறேன்."

தேவராஜ் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி தோளில் போட்டான்.

"இன்னாண்ணே?"

"நான்தாம்மா."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ரோஹித் ஒரு டப்பா பெயின்ட்டும் பிரஷ்ஷும் கொண்டுவந்து நீட்டினான். "முதலாளி ஃபேமிலியோட வர்றார்ணா. இன்ஜின் சும்மா பளபளன்னு இருக்கணும்." மெக்கானிக் நடேசனை ஆடி மாசமே நிறுத்திவிட்டார்கள். ஓட்டத் தெரிந்தவனுக்கு நட்டு முடுக்கத் தெரியாதா என்று முதலாளி சொன்னாராம். தேவராஜ் அன்று மத்தியானம் முழுக்கக் குந்தி, சிந்தாமல் சிதறாமல் அடித்தான். பெயின்ட் படக் கூடாதென்று எர்த்து ஒயரைக் கழற்றி ஓரமாக வைத்தான். காய்ந்ததும் பழையபடி முடுக்கினான். மறுநாள் இன்ஜினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூசணிக்காய் சுற்றி உடைத்தவனும் அவன்தான். முதலாளியின் பெண்டாட்டிகூட, "நல்லா வெச்சிருக்கீங்களே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சொல்லுக்கு அன்றைக்கு வீட்டில் போய்ப் பெருமைப்பட்டுக்கொண்டது நினைவு வந்தது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. "என் கையாலயே அவ காலை ஒடச்சிட்டேனாம்மா," என்றான்.

"வாய மூடுண்ணே. உனக்கு அது படிப்பா, தொழிலா? மெக்கானிக்க தொரத்திட்டு ட்ரைவர் கைல பிரஷ்ஷக் குடுத்தவன கேக்காத, உன்னியவே திட்டிக்கோ. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி." திட்டிக்கொண்டே ஒயரைக் கீழே வைத்தாள். "இத்த இப்படியே உடு. தொடாத. மூணு மணிக்கு அந்தாளு வந்து தன் கண்ணால பாக்கட்டும். போட்டோ புடிச்சு வெச்சுக்க."

அவனும் அதைத்தான் நினைத்தான். செல்லில் நாலு படம் எடுத்தான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மறைத்து வைத்தால் நாளைக்குத் தன்மேல்தான் சந்தேகம் வரும் என்று தோன்றியது. மடியில் கனமில்லை, வழியில் என்ன பயம்? ரோஹித்துக்குப் போன் போட்டான்.

ரோஹித் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். அய்யப்பன்தாங்கலில் ஃபிளாட். யாரையும் மரியாதை குறைவாகப் பேச மாட்டான். துறைக்கு வந்து குனிந்து பார்த்தான், தன் செல்லிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

"சூப்பருங்ண்ணா. இதான் காரணம். நான் சார்கிட்ட க்ளியரா சொல்லிடறேன். இப்ப இதைச் சரி பண்ணிடுங்க."

"சரி பண்ணிட்டா அவரு இன்னாத்தப் பாப்பாரு சார்?" என்றாள் சபீனா.

"அக்கா, ஓடாத படகை அவர் எப்படி இன்ஸ்பெக்ஷன் பண்ணுவாரு? ரெடியா இல்லைன்னு எழுதிட்டுத் திரும்பிப் போயிருவாரு. அப்புறம் அடுத்த டேட் கிடைக்க ஒரு மாசம். பார்வதம் அக்கா அதுவரைக்கும் காலைத் தொங்கப்போட்டுட்டுக் கிடக்கணுமா? ரிப்போர்ட் வந்தாத்தானே ஆபரேஷனுக்குக் கம்பெனியில பேச முடியும்?"

பார்வதத்தின் பெயரைச் சொன்னதும் தேவராஜ் மடங்கிவிட்டான். காலையில்தான் அவள் மகள் கார்த்திகா போன் செய்திருந்தாள். "இன்னிக்கு எழுதிடுவாங்கல்ல மாமா? அம்மா ராத்திரியெல்லாம் கத்துது மாமா," என்று அழுதாள்.

"அப்ப இத்த எழுதிக் குடுங்க சார். இந்த மாதிரி கோளாறு இருந்திச்சு, நான் பாத்தேன்னு," என்றாள் சபீனா.

"வாட்ஸ்அப்ல போடறேன் அக்கா." நடந்துகொண்டே செல்லைத் தட்டினான். அவன் ஆபீஸ் கதவைத் தாண்டியதும் தேவராஜின் செல் கூவியது. எடுத்துப் பார்த்தான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் மஞ்சள் படம் ஒன்று வந்திருந்தது. வேறு எழுத்து ஒன்றும் இல்லை.

"நல்லாக் குடுத்தான் கடுதாசி," என்றாள் சபீனா.

உப்புத்தாளால் தேய்த்தான் தேவராஜ். தன் கையால் பூசிய பெயின்ட்டைத் தன் கையாலேயே, இரும்பு வெளுத்துத் தெரியும்வரை தேய்த்தான். வளையத்தின் அடியையும் தேய்த்துத் துடைத்துப் போல்ட்டை முடுக்கினான். சபீனா முள்ளை வைத்தாள். பதினாலு இரண்டு. ரேஸ் கொடுத்தான், இன்ஜின் சீறியது. கட்டியிருந்த கயிறு விறைத்துத் துறையின் பலகையே ஆடியது. தொழில் தெரிந்தவர்களுக்கு அந்த நேரத்தில் வருகிற சந்தோஷம் இரண்டு பேர் முகத்திலும் ஒரு நிமிஷம் வந்தது. "பாத்தியா," என்றாள் சபீனா. "சோறு எறங்குது."

அதிகாரி மூன்றே காலுக்கு வந்தார். இளநீர் குடித்தார். ரோஹித் அவரோடு ஆபீஸுக்குள் அரை மணி நேரம் இருந்தான். வெளியே வந்தவர் படகின் உள்ளே எட்டிப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், தீயணைப்பான் தேதியைப் பார்த்தார். "ஓட்டு, பாப்போம்," என்றார்.

படகு அம்பு மாதிரி கிளம்பியது. தேவராஜுக்கே ஆச்சரியம். ஒரு மாசமாக இப்படி இழுத்ததில்லை. அதிகாரி இடப்பக்கம் என்றார், திரும்பியது. வலப்பக்கம் என்றார், திரும்பியது. "நிறுத்தி எடு," என்றார். நின்று, எடுத்த எடுப்பில் பறந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"இப்ப நல்லா கீது சார். மத்தியானம்தான் சரி பண்ணோம். அன்னிக்கு எர்த்து புடிக்காம இன்ஜின் நின்னுபோச்சு. மேனேஜர் சார் சொன்னாருல்ல?"

"அவர் ஒண்ணும் சொல்லலையே. இன்ஜின் நின்னா என்ன? படகு ஓடிட்டுத்தானே இருந்திச்சு? ஸ்டியரிங் உன் கையிலதானே இருந்திச்சு? ஒடிச்சிருந்தா அந்தம்மா தப்பிச்சிருக்குமே?"

தேவராஜுக்கு உடம்பு பற்றி எரிந்தது. இதே கேள்வி. நாலு நாளாக இதே கேள்வி. போலீஸ்காரர் கேட்டார், தெருவில் கேட்டார்கள், பார்வதத்தின் அண்ணன் சட்டையைப் பிடித்துக் கேட்டான். வாயால் சொல்லி இனி ஆகாது. பெண்கள் வேலை செய்யும் பக்கத்துக்கு நேர் எதிராக, ஆளே இல்லாத வடகரைப் பக்கம் படகைத் திருப்பினான். முழு வேகம் கொடுத்தான்.

"சார், கெட்டியாப் புடிச்சுக்குங்க. இப்ப ரேஸ உடறேன். ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கிறேன். திரும்புதான்னு நீங்களே பாருங்க."

விட்டான். இன்ஜின் தணிந்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் கடைசிவரை ஒடித்துப் பிடித்தான். படகு திரும்பவில்லை. கரையின் கருங்கல் வரிசையைப் பார்த்து நேராக, வழுக்கிக்கொண்டு போனது. "பாத்தீங்களா சார்? பாத்தீங்களா? ஒடிச்சுகினுதான் கீறேன்! இதான் சார் அன்னிக்கு!"

"டேய்! டேய்! கல்லு! நிறுத்துடா!" அதிகாரி இருக்கைக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினார்.

தேவராஜ் ரேஸ் கொடுத்தான். பீச்சல் பிடித்து, படகு கரைக்குப் பத்தடி முன்னால் ஒரே ஒடிப்பில் திரும்பியது. ஒரு பெரிய அலை எழுந்து அதிகாரியின் சட்டை, பேன்ட், மடியிலிருந்த ஃபைல் எல்லாவற்றையும் நனைத்தது.

"புரிஞ்சுதா சார்?" என்று கேட்டான். குரலில் அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. நாலு நாளில் முதல்முறையாக ஒருத்தருக்குக் காட்டிவிட்டான்.

"கொல்லப் பாக்கறியாடா என்னை? கரைக்கு விடுடா!"

கரைக்கு வந்ததும் அதிகாரி யார் கையையும் பிடிக்காமல் தாவி இறங்கினார். ரோஹித் துண்டோடு ஓடினான். துடைத்துக்கொண்டே அவர் போட்ட சத்தம் டிக்கெட் கவுன்டர்வரை கேட்டது. "ஆபீசர் உக்காந்திருக்கும்போதே இப்படி ஓட்டறான்னா, பப்ளிக்கை வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டுவான்?"

"சார், நான் காட்டினது..."

"என்னத்தைக் காட்டின? உன் ரவுடித்தனத்தைக் காட்டின."

தேவராஜ் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு செல்லில் படத்தைத் திறந்து நீட்டினான். அதிகாரி பார்த்தார். "இன்னிக்குப் பன்னண்டு மணிக்கு எடுத்திருக்க. ஞாயித்துக்கிழமை இப்படித்தான் இருந்துச்சுன்னு என்ன சாட்சி? யார் பெயின்ட் அடிச்சது இதுக்கு?"

"நான்தான் சார். இவரு சொல்லித்தான்..."

"நான் க்ளீன் பண்ணச் சொன்னேன் சார்," என்றான் ரோஹித், மெதுவாக, மரியாதையாக. "இன்ஜினுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லுவனா?"

"டப்பா வாங்கியாந்து குடுத்தது யாரு? உங்க தாத்தாவா?" சபீனா குறுக்கே வந்தாள். "மத்தியானம் நீங்களும் பாத்தீங்க, போட்டோ புடிச்சீங்க. காட்டுங்க சார் அந்தப் போட்டோவ!"

"நீ யாரும்மா? கம்பெனி ஸ்டாஃபா?"

"இல்ல. பூந்தமல்லில கடை வெச்சுக்கினு கீறேன்."

"வெளியாளு இன்ஜின்ல கை வெச்சிருக்காங்க." அதிகாரி ஃபைலைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார். "புகார் ரிஜிஸ்டரைக் கொண்டாங்க."

ரிஜிஸ்டர் வந்தது. ஐப்பசி மாசம் முழுக்க வெள்ளையாக இருந்தது.

"மூணுவாட்டி சொன்னனா இல்லியா?" தேவராஜ் ரோஹித்தை நோக்கிப் போனான். மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. "இழுவ கம்மியாவுதுன்னு சொன்னனா இல்லியா? ஞாயித்துக்கெழம போவட்டும், திங்கக்கெழம பாத்துக்கலாம்னு சொன்னியா இல்லியா? என் மூஞ்சியப் பாத்து சொல்லுடா! ஒரு பொம்பள கால ஒடச்சுகினு கெடக்கிறா, உனுக்கு ஒரு வார்த்த உண்மை சொல்ல வாய் வரல?"

"அண்ணா, மரியாதையாப் பேசுங்க," என்று சொல்லிவிட்டு ரோஹித் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு செக்யூரிட்டிகள் வந்து தேவராஜின் இரண்டு பக்கமும் நின்றார்கள். தினமும் அவனோடு டீ குடிப்பவர்கள்தான். ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தான்.

அதிகாரி நின்றபடியே எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். படகு நல்ல நிலையில் உள்ளது. மின்னேற்றம் சரியாக உள்ளது. விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு. ஆய்வின்போதும் அபாயகரமாக ஓட்டினார். "கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன்."

"மறுத்துட்டார்னு எழுதிக்கறேன்." அதையும் எழுதினார்.

செல் அடித்தது. கார்த்திகா. எடுக்காமல் இருக்க முடியவில்லை. "மாமா, எழுதிட்டாங்களா? இன்னா எழுதினாங்க?" என்றது குழந்தைக் குரல். பின்னால் ஆஸ்பத்திரி வார்டின் இரைச்சல். தேவராஜ் செல்லைச் சபீனாவிடம் நீட்டினான். சபீனா செல்லை வாங்கிக்கொண்டு, "கண்ணு, நான் நேர்ல வரேன், அம்மாவப் பாத்துக்க," என்று சொல்லித் துண்டித்தாள்.

அதிகாரி கடைசியாகப் பாதுகாப்புப் பரிந்துரை என்று ஒன்று எழுதினார். ஏரிக்குள் வேலை செய்யும் பெண்களுக்கு ஆளுக்கொரு விசில் வழங்க வேண்டும். படகு பக்கத்தில் வந்தால் அவர்கள் ஊதி எச்சரிக்க வேண்டும்.

"உடனே பண்ணிடறோம் சார்." ரோஹித் ஆபீஸ் அலமாரியைத் திறந்து ஒரு கேரி பேக்கை எடுத்துவந்தான். உள்ளே சிவப்புக் கயிறு கோத்த பிளாஸ்டிக் விசில்கள். பையின் காதில் கடை பில் குத்தியிருந்தது. தேவராஜ் பில்லைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை தேதி. இன்றைக்கு வியாழன்.

"ரெண்டு நாளைக்கு முன்னாடியே வாங்கி வெச்சுகினு கீறானுங்கம்மா," என்றான். செக்யூரிட்டி அவன் கையை மெதுவாகக் கேட் பக்கம் இழுத்தான்.

கேட்டுக்கு வெளியே கரைமேட்டில் போய் நின்றார்கள் இருவரும். சபீனா ஸ்கூட்டியை எடுக்கவில்லை. கீழே, வேறு ஏரியிலிருந்து வரவழைத்திருந்த ஓட்டுநர் படகில் ஏறினான். காத்திருந்த எட்டுப் பேர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாட்டுப் பெட்டி அலறியது. பன்னிரண்டிலிருந்து பதினாலு இரண்டுக்கு ஏறிய மின்சாரத்தில் முன்னைவிடப் பலமாக அலறியது.

தண்ணீருக்குள் பெண்கள் இடுப்பளவில் நின்றுகொண்டிருந்தார்கள். மேஸ்திரி பரிசலில் போய் ஒவ்வொருத்தி கழுத்திலும் விசிலை மாட்டினார். பார்வதம் நின்ற கம்பத்துக்குப் பக்கத்தில் வேறொருத்தி புதிதாக நின்றாள். அவளுக்கும் ஒன்று மாட்டினார்.

"டேய், அந்தப் பக்கம் போவாதடா! ரேஸ உட்டா திரும்பாதுடா!" தேவராஜ் மேட்டிலிருந்து கத்தினான். பாட்டில் அது யார் காதிலும் விழவில்லை.

படகு பெரிய வட்டமாகச் சுற்றி, தண்ணீர் நன்றாகத் தெறிக்கும் இடத்தைப் பார்த்து வந்தது. பெண்கள் இரண்டு கையிலும் ஆகாயத்தாமரையோடு, விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஊதினார்கள். கன்னம் புடைக்க, கண் பிதுங்க ஊதினார்கள். படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே, அவர்களும் கையைத் தூக்கி ஆட்டி, பதிலுக்கு விசிலடித்துக்கொண்டு போனார்கள்.